துண்டுக்கு அடியில் இடது கை

லாரியில் மாடு ஏற்றிக்கொண்டிருந்தபோது பழனியம்மாவின் போன் வந்தது. "அண்ணே, இந்தத் தடவ குளுருதுன்னு சொன்ன ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டோம்ணே. அப்படியும் போயிட்டாருண்ணே." மாட்டுத் தரகர் செல்லமுத்து இறந்ததை அவருடைய மனைவி எனக்கு இப்படித்தான் சொன்னார். முதல் தடவை தாமதமானதற்கு நானும் ஒரு காரணம். அது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

சந்தைக்கு வரும் உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தா.பழூர்ப் பக்கத்துக்காரர். நானும் அவரும் கூலிக்கு மாடு ஓட்டி நடந்தவர்கள். நான் வியாபாரி ஆனேன், அவர் தரகர் ஆனார். நம் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்வோம். பிடித்த விரல்தான் எண். செல்லமுத்துவின் கை பொய் சொன்னதில்லை. என் கை சொல்லியிருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காளை இழுத்ததில் கயிறு அறுத்து அவருடைய வலது உள்ளங்கை கிழிந்தது. "மஞ்சப் பத்துப் போடு மாப்ள, சந்தை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். அன்று எனக்கு வியாபாரம் நடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் குளிரில் உடம்பு தூக்கிப்போட்டது. பழனியம்மாவைப் பார்த்து யார் நீ என்று கேட்டார். திருச்சியில் டாக்டர், "செப்சிஸ். கிருமிய எதுத்து நிக்கிற ஒடம்பு தன்னையே கெடுத்துக்குது" என்றார். பல நாள் மெஷினில்தான் மூச்சு. உயிர் தங்கியது. அந்த வலது கையில் ரத்தம் ஓடாமல் கருத்துப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக ஊரே போனது. வீட்டுக்கு வந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆள்தான் பிழைத்துவிட்டாரே! ஆனால் முடி கொத்தாகக் கொட்டியது. நாலு வாய் சாப்பிடுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆரம்பித்த பேச்சு பாதியில் மறந்தது. கண்ணை மூடினால் மெஷின் சத்தம் கேட்கிறது என்பார். தெருவிளக்குக் கம்பங்களை எண்ணி நடந்தார். முதல் மாதம் ஒரு கம்பம், ஆறாம் மாதம் நாலு.

"நல்லாத்தானே இருக்க, படுத்தே பழகிட்டியா மாப்ள?" என்றேன் ஒருமுறை. அவர் சிரித்தார். "உசுர டாக்டரு மொத்தமா குடுத்துட்டாரு மச்சான். ஒடம்புதான் சில்லறையா வருது."

ஒன்றரை வருடம் கழித்துச் சந்தைக்கு வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. நேராக என் ஜோடி மாட்டிடம் வந்து, துண்டை விரித்து, அதனடியில் இடது கையை நீட்டினார். வலது கையில் பிறர் பிடிக்க விரல் ஏது?

பாதி நீட்டிய கையை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "ஏன் மாப்ள, மொத யாவாரத்துக்கே பீச்சாங்கைய நீட்டுற? வெளங்குமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் சிரித்தீர்கள். அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த இடது கைக்காக மாதக்கணக்கில் வீட்டில் துண்டு போட்டுப் பழகியிருக்கிறார். எதிரே விரல் கொடுத்து உட்கார்ந்தது பழனியம்மா. இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமும் வந்தார். லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருவர்தான் அந்தக் கையை முதலில் பிடித்தார். "கையா மாடு வாங்குது? ஆளுதானேப்பா வாங்குறாரு!" பிறகு எல்லோரும் பிடித்தார்கள். வெட்கத்தை விட்டு நானும் ஒருநாள் துண்டோடு போய் நின்றேன்.

"ஒனக்கு வாயாலயே சொல்றேன் மச்சான்" என்றார். முகத்தில் கோபமில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் கடைசிவரை எனக்கு மட்டும் வாயால்தான் விலை சொன்னார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

வாய்க்கரிசி போடப் போனேன். பழக்கத்தில் வலது கையால் அள்ளினேன். "இடது கையாலதான் போடணுங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். கையை மாற்றினேன். பாதி அரிசி கீழே சிந்தியது.

இப்போதெல்லாம் காயத்தோடு யாராவது குளிருகிறது என்றால், மாட்டை இறக்கிவிட்டு ஆளை ஏற்றச் சொல்கிறேன். அது அவர் உடம்பு கொடுத்த பாடம். அவர் எனக்கென்று விட்டுப்போனது வேறு: துண்டுக்கு அடியில் என் கைக்காகக் காத்திருந்த அந்த இடது கை. அதன் சூடுகூட எனக்குத் தெரியாது.