ஏழு மணிக் குளிசை

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோனில் அலாரம் அடித்தது. வழக்கம்போல அலுமாரியைத் திறந்தேன். விற்றமின் போத்தலைக் காணவில்லை.

அதில் இருப்பது விற்றமின் இல்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்கும் என் கணவருக்கும் எச்.ஐ.வி. நான் புனைபெயரில் எழுதுவதும் அதனால்தான். உங்களுக்குச் சொன்னதை, எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் பக்கத்து அறையில் படுக்கிற மாமிக்கு, அவரைப் பெற்றவருக்கு, சொல்லாமல் மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். அவருடைய போத்தல் ஆபீஸ் பையில். என்னுடையதுதான் லேபல் மாற்றி வீட்டில்.

அலுமாரி, ஃபிரிட்ஜ், மகளின் நேர்சரி பேக்... எட்டு மணியாகிவிட்டது.

“மாமி, என்ர விற்றமின் போத்தலைக் கண்டனீங்களோ?”

மாமி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

“நான்தான் எடுத்து வச்சனான். விற்றமினை ஆர் பிள்ளை மணியடிச்சுக் குடிக்கிறது? எனக்கொண்டும் தெரியாதெண்டு நினைச்சியோ? உது பிள்ளை தங்காமலிருக்கப் போடுற குளிசை. நான் செவ்வாய்க்குச் செவ்வாய் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் அந்தோனியாரிட்டைப் பேரன் கேக்கிறன்... நீ இஞ்ச குளிசையாலை மறிக்கிறாய்!”

போன மாதம்தான் கிளினிக்கில் டொக்டர் சொன்னார் — மருந்தை இப்படியே ஒழுங்காக எடுத்தால், இரண்டாவது பிள்ளையையும் தொற்றில்லாமல் பெறலாம் என்று. மகளைப் பெற்றதும் அப்படித்தான். பேரன் வேண்டுமென்று மாமி ஒளித்தது, அந்தப் பேரனுக்குத் தேவையான மருந்தையே!

அறைக்குள் போய் அவருக்கு ஃபோன் எடுத்தேன். “சொல்லட்டோ?”

பஸ் சத்தத்துக்கு மேலால் “சொல்லும்,” என்றார்.

சமையலறைக்குத் திரும்பி வந்து மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துருவல் சத்தம் நின்றது.

“என்ர மகனுக்குமோ?”

“ஓம் மாமி.”

“சின்னவளுக்கு?”

“இல்லை. செக் பண்ணியாச்சு. இந்தக் குளிசையாலைதான் அவளுக்கு வரேல்லை.”

மாமி என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தேங்காய்ப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதாலையோ அவளுக்குப் பால் குடுக்கேல்லை? அழகு குறைஞ்சிடுமெண்டு பால்மாவைக் கரைச்சுக் குடுக்கிறாய் எண்டு, உன்னை என்னவெல்லாம் பேசினன்...”

பிறகு எழுந்து கையைக் கழுவினார். சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் கையை விட்டுப் போத்தலை எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார். “முதல்ல இதைப் போடு.”

முன்னமே சொல்லியிருக்கலாமோ? மகள் பிறந்த நேரத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாரோ? இன்னமும் தெரியவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. நாம் சொல்லாமல் விடுகிற இடத்தைப் பெரியவர்கள் சும்மா விடுவதில்லை — தாங்களே ஒரு கதையை வைத்து நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கதையில் நான் அழகுக்காகப் பால் கொடுக்காதவள். பேரனை மறிக்கிறவள். எத்தனை நாள் அந்தப் பெண்ணோடு மாமி ஒரே சமையலறையில் நின்றிருக்கிறார்!

இப்போது ஏழாக ஐந்து நிமிடம் இருக்கும்போதே தண்ணீரோடு வந்து நிற்கிறார். இரண்டாவது பிள்ளையைப் பற்றி நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. மாமியும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. “குளிசை போட்டாச்சோ?” — அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குள் மற்றக் கேள்வியும் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன?