வாய் கட்டிய பையில் கடலைச்செடி

வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாள், உள்ளங்காலில் மண் ஒட்டியிருக்கிறதா என்று அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொண்டார். மடியில், வாய் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் வாடிய கடலைச்செடி. தண்டின் அடியில் பஞ்சுபோல் வெள்ளைப் பூஞ்சை, அதில் கடுகளவு உருண்டைகள். வேளாண்மை ஆபீசில் காட்டி மருந்து கேட்கப் போகிறாராம்.

"பிரிச்சுக் காட்டுங்களேன்" என்றேன்.

"வேணாங்க. இந்தக் கடுகு மண்ணுல வுழுந்தா வருசக்கணக்கா சாவாது. எங்க கொல்லையில பாதி போயிடுச்சு. அது எங்களோட போவட்டும்."

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம். ஆபீசுக்குக் குறுக்குவழி ஒரு கடலைக்கொல்லை வழியாகப் போனது. பஸ்ஸிலிருந்து இறங்கிய மற்றவர்கள் எல்லாரும் அதில் நடக்க, அவர் மட்டும் நின்றுவிட்டார்.

"காலு சுத்தமாத்தானேம்மா இருக்கு? யாரு கொல்லை அது?" என்று கேட்டேன்.

"யாருதோ, தெரியலீங்க. பச்சையா இருக்குதே."

பையை நெஞ்சோடு பிடித்தபடி, வெயிலில் தார்ச்சாலையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.