வெள்ளைக் கல் வட்டம்

எங்கள் சாரணர் குழுவின் பதிவேட்டில், அக்டோபர் 12, அதிகாலை 2.17 என்று என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. பேனா நடுங்கிய இடம்கூடத் தெரியும். "கனவு கண்டிருப்பாய், ஹேசல்" என்று சொல்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். கனவு கண்டவள் மணி பார்த்துக் குறித்து வைப்பாளா?

எனக்கு மில்பெக்கில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அளந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. வார இறுதிகளில் சாரணர் தலைவி. பிள்ளைகள் என்னை "ஸ்கிப்" என்று கூப்பிடுவார்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எரிந்து விழுகிற ரகம் நான். இப்போது நானே அதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முகாம் என்றால் கூடாரம், தீ, பாட்டு என்று நினைப்பவர்கள் ஒரு முகாமைக்கூட நடத்தியதில்லை. முகாம் என்றால் காகிதம். யாருக்குக் கடலை ஆகாது, யார் தூக்கத்தில் நடப்பான், யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறாள், மழை கொட்டினால் யார் வண்டியில் யார்... பதின்மூன்று பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் எழுதினேன்.

அதில் நான் உயிரை விடுகிற விதி ஒன்று உண்டு. தலையை எண்ணக் கூடாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆறு வருடம் முன்பு பஸ்ஸில் தலையை எண்ணினோம். பதினாறு. சரியாக இருந்தது. மில்பெக் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, ஒரு பையன் வேறு ஊர்க் குழுவைச் சேர்ந்தவன். எங்கள் பையன் பஸ் கிளம்பிய இடத்திலேயே கழிப்பறை வாசலில் அழுதுகொண்டு நின்றிருந்தான். என் கூட்டாளி டெரிக் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். நான் சிரித்ததில்லை.

இந்த முறை எலியட் என்று ஒரு புதுப் பையன் இருந்தான். பத்தரை வயது. கோடையில்தான் அவனும் அவன் அம்மா மெலனியும் மில்பெக்குக்குக் குடி வந்தார்கள். எப்போது பார்த்தாலும் சளி, எப்போது பார்த்தாலும் மூக்கை உறிஞ்சுவான். அம்மாவை விட்டு ஒரு இரவுகூட இருந்ததில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட மெலனிக்கு மூன்று வாரம் ஆனது.

"உங்க பேச்சை நம்பித்தான் அனுப்புறேன், ஹேசல். எனக்குன்னு இவன் ஒருத்தன்தான்."

"பேர் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன், மெலனி. பேர் சொல்லியே உங்க கையில திருப்பித் தர்றேன்."

அப்படித்தான் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

வழக்கமான இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டதால் ஆல்டர் காட்டைப் பதிவு செய்தேன். எங்கள் குழு அங்கே போய் ஐம்பது வருடம் ஆகிறது என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். ஏன் போவதில்லை என்று கேட்டேன். யாரும் சரியாகச் சொல்லவில்லை. நானும் துருவவில்லை. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை மாலை கூடாரம் போட்டோம். தீயைச் சுற்றி உட்கார வைத்து விதியைச் சொன்னேன்.

"காட்டுல எங்க இருந்தாலும் சரி. நான் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும். அதுவரைக்கும் உக்காந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. யார் வந்து கூப்பிட்டாலும் போகக் கூடாது. புரியுதா?"

"புரியுது, ஸ்கிப்!"

எலியட் மட்டும் தலையாட்டினான். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிள்ளை அவன். அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது.

சனிக்கிழமை பிற்பகல் தடம் பின்பற்றும் விளையாட்டு. முதலில் நான் போய்க் காட்டுக்குள் குறிகள் போட்டு வந்தேன். குச்சியால் அம்பு என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இந்த வழி இல்லை. கடைசியில் ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி. 'வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அதற்கு அர்த்தம். ஆட்டம் அங்கே முடியும். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பக்கத்தில் குச்சிகளால் வட்டம் போட்டு, புள்ளிக்கு ஒரு பைன் காயை வைத்தேன். கடைசியாக வருகிறவர்கள் எல்லாக் குறிகளையும் கலைத்துவிட்டு வர வேண்டும். அதுவும் விதி.

3.50க்கு எல்லோரும் திரும்பினார்கள். பெயர் கூப்பிட்டேன். பதின்மூன்று பேரும் இருந்தார்கள். அணித் தலைவி ஃபெர்ன் பதின்மூன்று வயதுப் பெண், நல்ல வாயாடி.

"ஸ்கிப், அந்த வெள்ளைக் கல்லு ஐடியா செம!"

"எந்த வெள்ளைக் கல்லு?"

"குச்சி முடிஞ்ச பிறகு வெள்ளைக் கல்லுல அம்பு போட்டிருந்தீங்கல்ல? கடைசியில பெரிய வட்டம். ஆனா நடுவுல புள்ளி வைக்க மறந்துட்டீங்க."

நான் கல்லைத் தொடவே இல்லை. அந்தக் காட்டில் வெள்ளைக் கல்லே கிடையாது. கறுப்பு மண்ணும் பாசியும்தான்.

"கலைச்சிட்டு வந்தீங்களா?"

"குச்சியைக் கலைச்சோம். கல்லு வரலை, ஸ்கிப். மண்ணுல பதிஞ்சு போயிருக்கு."

டெரிக்கின் குறும்பாக இருக்கும் என்று அவனைப் பிடித்தேன்.

"நானா? குனிஞ்சு ஷூ கயிறு கட்டவே ஆள் தேடுறேன், தாயே. நான் போய்க் கல்லு பொறுக்குவேனா?"

வேறு குழு போட்ட குறியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பதின்மூன்று பேருக்குச் சாசேஜ் பொரிக்க வேண்டியிருந்தது.

6.40. சாப்பாட்டு நேரம். எலியட் தட்டைத் தொடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வீட்டு ஞாபகமா, கண்ணா?"

"ம். அந்தப் பையனுக்கும் வீட்டுக்குப் போகணுமாம்."

"எந்தப் பையன்?"

"வட்டத்துக்கு நடுவுல உக்காந்திருந்தானே, அவன்."

ஃபெர்னைப் பார்த்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"அவன் என்ன சொன்னான்?"

"அவனோட ஸ்கிப் வந்து, ஆட்டம் முடிஞ்சது, வீட்டுக்குப் போகலாம்னு சொல்லணுமாம். அப்பதான் எழுந்திருப்பானாம். ரொம்ப நேரமா உக்காந்திருக்கானாம்."

குழந்தைகள் கற்பனையில் நண்பர்களைச் செய்துகொள்வார்கள். வீட்டு ஏக்கம் வந்தால் இன்னும் அதிகம். பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சூடாகச் சாக்லேட் பால் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

9.30க்குப் பெயர் கூப்பிட்டேன். எல்லோரும் இருந்தார்கள். பத்தரைக்கு விளக்கணைத்தோம். மூடுபனி இறங்க ஆரம்பித்தது.

டக்...

கண் விழித்தேன். கைக்கடிகாரம் பார்த்தேன். 2.17.

டக்... டக்...

கல்லோடு கல் மோதும் சத்தம். வெளியே. மிகப் பக்கத்தில். பிறகு ஒரு கூடாரத்தின் ஜிப் திறந்தது. மெதுவாக... மிக மெதுவாக.

டார்ச்சோடு வெளியே வந்தேன். என் கூடார வாசலில் ஒரு அம்பு. வெள்ளைக் கற்கள். காட்டைப் பார்த்துக் காட்டியது. நாலடி தள்ளி இன்னொன்று.

எலியட்டின் கூடாரம் திறந்து கிடந்தது. அவன் தூக்கப் பைக்குள் கை விட்டேன். இன்னும் சூடு ஆறவில்லை.

டெரிக்கை உலுக்கினேன்.

"எலியட்டைக் காணோம். மத்தவங்களை நீ பாத்துக்கோ."

"தனியாப் போகாத, ஹேசல்!"

"பன்னிரண்டு பிள்ளைங்களை யாருகிட்ட விட்டுட்டு நீ வருவ?"

பதிவேட்டில் நேரத்தைக் குறித்தேன். பழக்க தோஷம். பிறகு ஓடினேன்.

மூடுபனியில் டார்ச் வெளிச்சம் மூன்றடிக்கு மேல் போகவில்லை. ஒரு அம்பு... இன்னொரு அம்பு... மெலனியின் முகம்தான் கண் முன்னால் நின்றது. எனக்குன்னு இவன் ஒருத்தன்தான்.

கத்திக் கூப்பிட நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

2.41.

விழுந்து கிடந்த மரம். அதற்கு அப்பால் வட்டம்.

நடுவில் ஒரு பையன். முதுகைக் காட்டிக்கொண்டு. சம்மணம் போட்டு. இரவு உடுப்பு. கழுத்தில் எங்கள் ஸ்கார்ஃப்.

உயிர் திரும்பி வந்தது. வட்டத்தின் ஓரத்தில் நின்றேன். உள்ளே கால் வைக்க மட்டும் மனம் வரவில்லை. கையை நீட்டினேன்.

"ஆட்டம் முடிஞ்சது, கண்ணா. வீட்டுக்குப் போகலாம்."

அவன் எழுந்தான்.

திரும்பினான். எலியட்டின் முகம். கையைக் கொடுத்தான். பனிக்கட்டி.

இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பின்னால்... வட்டத்திலிருந்து...

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

3.05க்கு முகாம். டெரிக் அவனைக் கம்பளியில் சுற்றித் தீப் பக்கத்தில் உட்கார வைத்தான். நான் ஒரு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு அழுதேன். பையன் கிடைத்துவிட்டான், அது போதும் என்று இருந்தது.

காலை 8 மணிக்குப் பெயர் கூப்பிட்டேன். "எலியட்!" பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஃபெர்ன் முழங்கையால் இடித்த பிறகு கையைத் தூக்கினான். அவன் கம்பளியைத் தூக்கப் பை மாதிரி மடித்து, ஓரமெல்லாம் ஊசி குத்தி வைத்திருந்தான்.

"இந்த மடிப்பெல்லாம் எங்க அண்ணன் காலத்தோட போச்சே," என்றான் டெரிக். "யாருடா சொல்லிக் கொடுத்தது?"

பையன் சிரித்தான்.

பகல் பன்னிரண்டுக்கு மில்பெக் வந்து சேர்ந்தோம். ராத்திரி நடந்ததை மெலனியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. விதிப்படி "எலியட்" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். களைப்பு என்று நினைத்து, தோளில் கை வைத்து அம்மா பக்கம் தள்ளிவிட்டேன்.

புதன்கிழமை இரவு 8.05க்கு மெலனி போன் செய்தார்.

"சளி சுத்தமாப் போயிடுச்சு, ஹேசல். அன்னிக்கிருந்து ஒரு தடவைகூட மூக்கை உறிஞ்சலை. ஆனா..."

"ஆனா?"

"எலியட்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான். மாடிப்படிக்குக் கீழே சுவத்தைத் தட்டிக்கிட்டே இருக்கான். இங்க ஒரு கதவு இருந்துச்சே, எங்க போச்சுன்னு என்னைக் கேக்குறான். என்னைப் பாத்து... நீங்க யாருன்னு கேட்டான், ஹேசல். அங்க என்னதான் நடந்துச்சு?"

அன்று இரவே எங்கள் குழுவின் கூடத்தைத் திறந்தேன். அலமாரியில் தகரக் குவளைகளுக்குப் பின்னால் பழைய பதிவேடுகள் இருந்தன. 1974, அக்டோபர். ஆல்டர் காடு.

தடம் விளையாட்டு. கடைசிக் குறியாக நெவில் என்ற பையனையே வட்டத்தின் நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். 'ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் வந்து சொல்லும்வரை நகராதே' என்பது தலைவரின் உத்தரவு. மழை கொட்டியிருக்கிறது. அவசரமாக இரண்டு வண்டிகளில் கிளம்பியிருக்கிறார்கள். அவன் அந்த வண்டியில் இருப்பான் என்று இவர்கள் நினைத்தார்கள். அவர்களும் அப்படியே நினைத்தார்கள். நான்காம் நாள் பிணமாகக் கண்டெடுத்தபோது உட்கார்ந்தபடியே இருந்தானாம். வட்டத்தை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

பெயர்ப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே மையில் ஒரு சின்ன வட்டம். நடுவில் புள்ளி. வீட்டுக்குப் போய்விட்டான்.

அதன் பக்கத்தில் வீட்டு முகவரி. சேப்பல் தெரு, எண் 11.

அந்த முகவரியை என் கையாலேயே படிவத்தில் எழுதியிருக்கிறேன். மெலனியும் எலியட்டும் கோடையில் குடி வந்த வீடு அது.

பதிவேட்டை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். காட்டில் நான் சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஆட்டம் முடிஞ்சது, கண்ணா. வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் சொன்னேன்.

எலியட் என்று கூப்பிடவில்லை.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆல்டர் காட்டுக்குப் போகிறேன். பகலில்தான். டெரிக் சாலையில் வண்டியில் இருப்பான், உள்ளே வர மாட்டான். வட்டத்தின் ஓரத்தில் நின்று எலியட்டின் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறேன். தொண்டை கட்டும்வரை கூப்பிடுகிறேன்.

யாரும் வருவதில்லை.

நடுவில் மட்டும் பாசி அமுங்கியிருக்கிறது. போன வாரம் கை வைத்துப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.