இடக்கைக் கொட்டுக்காரன் மோமார்

இத்தாலியின் ப்ரெஷா நகரில் எங்கள் செனகல்காரர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பதென்றால் முதலில் ஆட்டுக்குச் சொல்வார்கள், அடுத்தது மோமாருக்கு.

அவன் ஊர் செனகலில் லூகா. அங்கே கொட்டு அடிப்பதற்கென்றே பரம்பரைக் குடும்பங்கள் உண்டு. மோமாரின் அப்பாவோ நிலக்கடலை வியாபாரி. பையன் எண்ணெய் டின்னைத் தட்டியதற்கே அடி விழுந்தது. "அது அவங்க தொழில்டா. நமக்கு அசிங்கம்." ஆனாலும் தெருவில் பெண்கள் ஆடும் நாட்களில் கூட்டத்துக்குள் நுழைந்து, கொட்டுக்காரர்களுக்கு நேர் எதிரே நின்றுகொள்வான்.

இத்தாலிக்கு வந்து தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தான். பித்தளையை அழுத்தும் இயந்திரம் ஏழு அடி அடித்து ஒரு மூச்சு விடும். அந்த இடைவெளியில் இவன் விரல்கள் மேஜையில் தாளம் போடும். மொராக்கோ கசாப்புக்காரரிடம் ஆட்டுத் தோல் வாங்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு கொட்டு கட்டினான்.

என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று நல்ல பனி. மிலானிலிருந்து வரவேண்டிய கொட்டுக்காரரின் ரயில் வழியிலேயே நின்றுவிட்டது. மோமார் தன் கொட்டோடு வந்து நின்றான். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நாலு அடி விழுந்ததும் பெண்கள் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஆடத் தொடங்கினார்கள்.

பாட வந்திருந்த சுகெய்னா பாதியில் நிறுத்தினாள். பரம்பரைக் கொட்டுக்காரர் வீட்டுப் பெண்.

"ஏங்க, சாப்பிட்டது வலது கையாலதானே? கோல் மட்டும் ஏன் இடது கையில?"

"எதிர்ல நின்னு பாத்தே கத்துக்கிட்டேன். கண்ணாடில பாக்கற மாதிரி, அவங்க பிடிச்ச பக்கத்துலயே நானும் பிடிச்சேன்."

சுகெய்னா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தலைகீழா ஒரு பரம்பரையையே ஆரம்பிச்சிட்டீங்களே!"

அதன்பின் அவன் வாசிக்கும் வீடுகளிலெல்லாம் அவள் பாடினாள். அடுத்த ஆண்டு கல்யாணப் பேச்சு வந்தபோது இரண்டு வீடுகளும் கொதித்தன. "வியாபாரி மகனுக்கா?" என்றது அவள் வீடு. ஒரு மாதம் போனது, அவர்கள் இறங்கி வந்தார்கள். மோமாரின் அப்பா மட்டும் போனையே எடுக்கவில்லை.

நான் ஜோப் குலம், மோமார் வீட்டார் ந்தியாய் குலம். எங்கள் இரண்டு குலத்துக்கும் காலங்காலமாகக் கேலி உறவு; ஒருவரையொருவர் அடிமை, தீனிக்காரன் என்று ஏசிக்கொள்வோம். நாங்கள் என்ன சொன்னாலும் அவர்கள் கோபிக்கக் கூடாது. அந்தத் துணிச்சலில் என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"யாரு?"

"உங்க எஜமான் பேசறேன், சோத்துமூட்டை!"

"ஜோப் பயலா? அடிமை நாயே, என்ன வேணும்?" குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"உங்க பிள்ளையக் கட்டிக்க ஒருத்தி சம்மதிச்சிருக்கா. ந்தியாய்ங்க திங்கற சோத்தை அவ இன்னும் பாக்கல. பாக்கறதுக்குள்ள முடிச்சிடுங்க."

மறுமுனையில் இருமல் வரும்வரை சிரித்தார்.

"பொண்ணு நல்லாப் பாடுவாளா?" என்றார்.

கல்யாணம் நடந்தது. முழுச் சம்மதம் என்று அவர் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. போன மாதம் பேத்திக்குப் பெயர் வைத்தபோது, போனைக் கொட்டின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மோமார் வாசித்தான், சுகெய்னா பாடினாள். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி சரி, நிறுத்துங்க," என்றார் கடைசியில். "வந்தவங்களுக்குச் சாப்பாடு போடுங்கப்பா. ஆறிடப் போகுது."