நேசன் பார்க்காமல் விட்ட ஹோஸ்

"ஆறிப்போன காடிய எங்கிட்ட கொண்டு வராதீங்க பாஸ். கிள்ளான் வரைக்கும் போயி, நல்லா ஜேம்ல மாட்டிக்கிட்டு, சூடா கொண்டாங்க. அப்பத்தான் தொடுவேன்."

காலை ஒன்பது மணிக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்துபவர்களைச் சிவநேசன் இப்படித்தான் திருப்பி அனுப்புகிறார். மேருவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய வொர்க்‌ஷாப். வட்டாரத்தில் எல்லாருக்கும் 'போர்மேன் நேசன்'; இங்கே மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் அழைப்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய கோப்பியை, திறந்துகிடக்கும் ஏதாவதொரு பானட்டின் கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்; வேலை முடிந்த பின்தான் அது நினைவுக்கு வரும். ஒரு பழுதைச் சோதிக்கும்போது, குற்றமில்லை என்று தெரிந்த பாகத்தின் பெயரைச் சுண்ணாம்புக்கட்டியால் சிமெண்டுத் தரையில் எழுதி, அதன்மேல் ஒரு கோடு போடுவார். கோடு விழாத பெயர்தான் குற்றவாளி.

என்னையும் அவர் திருப்பி அனுப்பினார். இருபத்து நான்கு ஆண்டு ஓடிய என் காரில், கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்தபின்னும் அது பாதியில் நின்று, மெல்ல யோசித்துக்கொண்டு மேலே வந்தது. கிள்ளான் போய், லோரிகளுக்கிடையே ஒரு மணி நேரம் ஊர்ந்து திரும்பினேன். எஞ்சினை அணைத்ததும் நேசன் அடியில் படுத்தார். நான் மிதித்துக் காலை எடுத்தேன். கிளட்சைத் தள்ளும் கீழ்ப் பம்பின் கம்பி, மிதித்தபோது இருந்த இடத்திலேயே நின்றது.

"அசையாதீங்க பாஸ். இப்பத்தான் நல்லா மாட்டியிருக்கு."

முதலில் எஞ்சினுக்கு மேலே, மிதி அழுத்தும் மேல் பம்பின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தினார். கம்பி நகரவில்லை. தரையில் 'மேல் பம்பு' என்று எழுதிக் கோடு போட்டார். அடுத்து, கீழ்ப் பம்பில் காற்று வெளியேற்றும் சின்னத் திருகைத் திறந்தார். எண்ணெய் பீய்ச்சியது, அதே கணத்தில் கம்பி 'டக்'கென்று பின்வாங்கியது. 'கீழ்ப் பம்பு' என்பதன்மேலும் கோடு விழுந்தது. எஞ்சியது, இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ்.

அதைக் கழற்றி, நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியே புதிதுபோல் கறுப்பு. உள்ளே ரப்பர் சூட்டில் வீங்கி, ஊசி நுழையும் அளவுக்கே வழி. மிதிக்கும்போது காலின் விசை எண்ணெயைத் தள்ளிவிடுகிறது. திரும்பி வருவதற்கு அந்த விசை இல்லை, அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதுவரை கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே உரசிக் கருகும். ஓட்டுபவரின் கால் மிதியை விட்டுத் தரையில் இருந்தாலும், மிதியின் மேலேயே காலை வைத்து ஓட்டியதுபோல் பிளேட் தேய்ந்துவிடும்.

இதை விளக்கும்போது அவர் முகத்தில் பழுதைக் கண்டுபிடித்த களிப்பைத் தேடினேன். இல்லை.

"எங்கக்கா காடியிலயும் இதேதான் சார்," என்றார். பாஸ் என்று அழைத்தவர் சார் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்.

அக்காவின் பெயர் சீதாலெட்சுமி. கிள்ளானில் தோசை மாவு அரைத்து, பதினோரு சாப்பாட்டுக் கடைகளுக்குத் தம்முடைய பழைய வெள்ளைக் காரில் தாமே கொண்டுபோய்க் கொடுத்தவர். பதினான்கு மாதத்தில் அவர் காரில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் கருகியது. இரண்டு முறையும் மாலையில் காரை விட்டுச் சென்றார்; தம்பி மறுநாள் காலை எட்டு மணிக்குப் பார்த்தார். இரவெல்லாம் ஆறிய காரில் மிதி ஒழுங்காகவே ஏறி இறங்கியது. எண்ணெய்க் கசிவும் இல்லை. ஆகவே குற்றம் அக்காவின் காலுடையது என்று முடிவு செய்தார்.

"வெளி ஆளா இருந்தா, கூட உக்காந்து ஒரு ரவுண்டு போயிருப்பேன் சார். அக்காதானேன்னு வாயாலயே முடிச்சிட்டேன்."

வாயால் முடித்த இடம், நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தீபாவளிப் பந்தி. "எங்கக்கா சோறு திங்கறத விட பிளேட் திங்கறதுதான் அதிகம்" என்றாராம். குடும்பமே சிரித்தது. அன்றிலிருந்து அக்காவுக்குப் 'பிளேட் தின்னி' என்று பெயர். சீதாலெட்சுமியும் சிரித்துவிட்டு, கார்ச் சாவியை முறுக்குத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் ஓட்டவேயில்லை. மூன்று மாதம் வாடகைக் காரில் மாவு அனுப்பிப் பார்த்தார்; கட்டுப்படியாகவில்லை. அரைக்கும் இயந்திரங்களை விற்றார். லைசன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டார்.

கார் தம்பியிடம் வந்தது. மேருவுக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓடியதால் அது சூடாகவே இல்லை. ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்த் திரும்புகையில், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் எஞ்சின் கத்தியது, கார் இழுக்கவில்லை.

"குனிஞ்சு பாத்தேன் சார். எங்காலு கீழ கெடக்கு. மிதி மேல வரல."

அன்றுதான் இந்தச் சூடான கார் விதி பிறந்தது. "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "சொல்லணும். மறுபடி ஓட்ட வைக்கணும் சார். வாய் வரல," என்றார்.

சென்ற வியாழக்கிழமை மாலை நான் காரை எடுக்கப் போயிருந்தபோது, சீதாலெட்சுமியே வந்து இறங்கினார். பேரனின் பிறந்தநாள் அழைப்பு. காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டே நேசன் சொல்லிவிட்டார்.

"அக்கா, ஒன் வெள்ளக் காடி... தப்பு ஒங்கால்ல இல்லக்கா. ஹோஸ். நாந்தான் பாக்கல."

"எப்பத் தெரியும்?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசமா?" அவர் குரல் உயரவில்லை. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன. இத மட்டும் ஓரமா வச்சுச் சொல்ற."

"பொறந்தநாளுக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேங்க்கா."

"சொல்லு. சொன்னா பதினோரு கடையும் திரும்பி வந்துருமா?"

"லைசன்ஸ் திருப்பி எடுத்துடலாங்க்கா. நான் கூட வரேன்."

"மூணு வருசம் தாண்டிருச்சு, முதல்லேருந்து டெஸ்டு குடுக்கணும். அறுபத்திமூணு வயசுல, எல் போர்டு மாட்டிக்கிட்டு சின்னப் புள்ளைங்களோட சுத்தவா? போடா," என்று சிரித்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், "அப்ப எங்காலு நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார்.

நேசன் வெள்ளைக் காரின் கதவைத் திறந்தார். "புது ஹோஸ் போட்டுட்டேன். ஒரு தடவ உள்ள உக்காந்து மிதிச்சுப் பாருக்கா. எப்படி வருதுன்னு மட்டும்." ஓட்டுநர் இருக்கை நேசனுடைய நீளக் கால்களுக்கேற்பப் பின்னால் தள்ளியிருந்தது. அடியில் கையை விட்டு நெம்புகோலைப் பிடித்து, ஒவ்வொரு பல்லாக முன்னே இழுத்தார். நடுவில் ஒரு முறை அக்காவைத் திரும்பிப் பார்த்து உயரத்தை அளந்துகொண்டு, இன்னும் ஒரு பல் இழுத்தார்.

சீதாலெட்சுமி கதவருகே வந்தார். இருக்கையைப் பார்த்தார். கைப்பேசி ஒலித்தது. "கூப்பிட்ட கிரேப் காடி வந்திருச்சுடா," என்று சொல்லிச் சாலைக்கு நடந்தார்.

ஆறு மணிக்கு நேசன் கடையின் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டினார். பிறகு வெள்ளைக் காரில் ஏறினார். ஏறக்குறைய ஆறடி மனிதர். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தள்ளவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கின் இரு புறமும் இடிக்க, முதுகை மடக்கிக்கொண்டு ஓட்டிச் சென்றார்.