சிவந்தமண் திடலில் எடுத்த வகுப்புப் படம்

1. நாற்காலி

“எழுந்திரிங்க சார். இந்த நாற்காலிக்கு வேற ஆள் வந்திருக்காங்க.”

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஓர் ஆங்கிலப் பள்ளியின் சிவந்தமண் திடலில், கேமராவை நிறுத்திவிட்டு நான் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த நேரத்தில் கேட்ட வார்த்தைகள் இவை. துணிக்குள் உருவங்கள் தலைகீழாகத் தெரியும். தலைகீழாக ஒரு மனிதர் எழுந்தார். தலைகீழாக இன்னொருவர் அவர் இடத்தில் உட்கார்ந்தார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

ரப்பர் விலை தரையைத் தொட்டு, தோட்டம் தோட்டமாக ஆட்களைத் திரும்ப ஊருக்கே கப்பலேற்றிய காலம் அது. கார்த்திகை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளியிறுதிப் பரீட்சை வெள்ளியன்றுதான் முடிந்தது. மறுநாள், பையன்கள் ஊருக்குப் போவதற்கு முன், வகுப்புப் படம். மதியம் மழை வந்துவிடும் என்பதால் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து சீனியர் வகுப்பு பரீட்சை எழுதியது அதுதான் முதல் தடவை. மண்டபத்துச் சுவரில் படத்தை மாட்டுவதற்கு ஆணிகூட அடித்து வைத்திருந்தார்கள்.

அந்த வகுப்பை உருவாக்கியவர் ஆசீர்வாதம் மாஸ்டர். கணக்கும் ஆங்கிலமும் அவர்தான். காப்பார், காஜாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து உறவினர் வீடுகளில் தங்கிப் படித்த பையன்களைச் சாயங்காலங்களில் தம் வீட்டுக்கு வரவழைத்து, சம்பளமில்லாமல் பாடம் நடத்தியவர். செலவுக் குறைப்பு என்று சொல்லி, மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரக் கப்பலில் நாகப்பட்டினம் போகிறார். இது திடலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். பையன்கள் அன்று தலை வாரி, டை கட்டி, காலணிக்குப் பாலிஷ் போட்டு வந்தது சுவரில் தொங்கப்போகும் படத்துக்காக அல்ல, அவரோடு ஒரே படத்தில் இருப்பதற்காக. கேமரா பெட்டியை நான் இறக்கும்போதே வகுப்புத் தலைவன் கதிரேசன் வந்து சொன்னான்:

“அண்ணே, எங்க சார் முகம் நல்லா விழணும். மத்ததெல்லாம் எப்படி விழுந்தாலும் பரவால்ல.”

எல்லோரையும் நான்தான் நிறுத்தினேன். முன்வரிசையில் நாற்காலிகள். நடுவில் தலைமையாசிரியரான வெள்ளைக்காரத் துரை, அவருக்கு வலப்பக்கம் ஆசீர்வாதம் மாஸ்டர், மற்ற ஆசிரியர்கள், மண்டபத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்த கண்டிராக்டருக்கு ஒரு காலி நாற்காலி. பின்னால் பையன்கள் ஒரு வரிசை தரையில், ஒரு வரிசை பெஞ்சின் மேல்.

கண்டிராக்டர் தாமதமாகத்தான் வந்தார். வரும்போது மச்சானையும் கூட்டி வந்தார். அந்த மச்சான் அதற்கு முன் அந்தப் பள்ளியின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

2. இடம் பத்தாது

பள்ளியின் கிராணி வேணுகோபால் கோடி நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் அந்தப் பள்ளியில் துரைக்கு அடுத்த துரை அவர். மச்சானைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், ஆசீர்வாதம் மாஸ்டரை எழுப்பினார்.

மாஸ்டர் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் ஒரு கணம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சார் எங்க நிக்கணும்?” என்று கதிரேசன் கேட்டான்.

“சாருக்கு இடமில்லைப்பா. போட்டோக்காரர் பத்தாதுங்கிறார்” என்றார் கிராணி.

நான் துணியை விலக்கிவிட்டு வெளியே வந்தேன். “நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? இன்னும் ரெண்டு நாற்காலி போட்டாலும் விழும்.”

“நாற்காலி எங்கய்யா இருக்கு?”

“வகுப்புல இருந்து நான் தூக்கிட்டு வரேன் சார்!” பின்வரிசையிலிருந்து ஒருவன் குதித்தான்.

“நில்லுடா!” கிராணியின் குரல் இப்போது மாறிவிட்டது. “மாசக் கடைசிக்கு மேல இவரு ஸ்டாஃபே இல்லை. ஸ்டாஃப் இல்லாதவரை எதுக்கு உக்கார வெக்கணும்?”

“மாசம் இன்னும் முடியலீங்களே” என்றேன்.

“உன்னை யாரும் கேக்கலை. போட்டோ எடுக்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?”

ஸ்டாஃப் இல்லாதவருக்கு நாற்காலி இல்லையென்றால், மச்சான் எந்த வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார் என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் கதிரேசன் முந்திக்கொண்டான். “சார் இல்லாம எங்களுக்கு போட்டோ வேணாம்.”

கிராணி அவன் அருகில் போய், துரைக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “நன்னடத்தை சர்டிபிகேட் யாரு எழுதறதுன்னு தெரியுமில்ல? அது இல்லாம ரயில்வேல விளக்குத் துடைக்கக்கூட எடுக்கமாட்டான். வேணுமா, வேணாமா?”

பையன்கள் அப்படியே அடங்கிப் போனார்கள். தோட்டத்து லயத்திலிருந்து, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள். அந்த ஒரு தாளுக்காகக் குடும்பமே வயிற்றைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தது. கிராணிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

துரை நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இன்னும் எவ்வளவு நேரமாகும்?

“விடுங்க தம்பி” என்றார் ஆசீர்வாதம் மாஸ்டர் என்னிடம். “வெயில் ஏறுது. பெஞ்சு மேல நிக்கிற பசங்களுக்குக் கால் வலிக்கும்.” குடையை எடுத்துக்கொண்டு, திடலின் இடப்பக்கம் இருந்த வராந்தாத் தூண் அருகே போய் நின்றார். மச்சான் அவர் நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்து, மீசையை நீவிக்கொண்டார்.

3. பல்ப்

குரூப் போட்டோவில் முன்வரிசையும் பின்வரிசையும் ஒருசேரத் துலக்கமாக விழ வேண்டுமென்றால் லென்ஸின் துவாரத்தை மிகவும் சிறிதாக்க வேண்டும். அப்போது வெளிச்சம் மெதுவாகத்தான் உள்ளே போகும். ஷட்டரைத் திறக்கும் ரப்பர் பல்ப்பை அழுத்தியபடி, ஒன்று இரண்டு என்று மனத்துக்குள் சொல்லும் வரை யாரும் அசையக் கூடாது. அதனால் “எல்லாரும் இங்கே பாருங்க, ஸ்டெடி” என்று சொல்லி, எல்லாக் கண்களும் லென்ஸைப் பார்க்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே பல்ப்பை அழுத்த வேண்டும். ஒரே ஒரு தலை திரும்பியிருந்தாலும் காத்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றுக்கொடுத்தது இது.

படம் பதியும் கண்ணாடி பிளேட் வைத்த டார்க் ஸ்லைடைக் கேமராவில் செருகினேன். “இங்கே பாருங்க, ஸ்டெடி” என்றேன்.

பின்வரிசையில் கதிரேசன் ஒரு தடவை இருமினான்.

அத்தனை பையன்களும் தலையைத் திருப்பி வராந்தாத் தூணைப் பார்த்தார்கள். உடம்பு விறைப்பாக நேரே. முகம் மட்டும் இடப்பக்கம். ஒருவனும் சிரிக்கவில்லை, ஒருவனும் அசையவில்லை. நாற்காலியில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. பையன்கள் அவர்களுக்குப் பின்னால் அல்லவா நிற்கிறார்கள்! துரை, கிராணி, கண்டிராக்டர், மச்சான் எல்லோரும் லென்ஸை நேராகப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

நான் காத்திருந்திருக்க வேண்டும். “தம்பிங்களா, இந்தப் பக்கம்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பல்ப்பை அழுத்தினேன். ஒன்று, இரண்டு. விட்டேன்.

“தேங்க் யூ, முடிஞ்சது” என்றேன்.

கதிரேசன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தேன்.

4. பிளேட் யாருடையது

பிரிண்ட் பள்ளிக்குப் போன அன்று மாலையே கிராணி ஸ்டூடியோவுக்கு வந்தார். படத்தை மேசையில் அடித்தார்.

“என்னய்யா இது? ஒரு பயலாவது நேராப் பாக்குறானா? துரை முகத்துல எப்படி நான் முழிக்கிறது? உன் கண்ணு என்ன பொட்டையா?”

“எனக்கு நல்லாத் தெரிஞ்சதுங்க. பசங்க அவங்க வாத்தியாரைப் பாக்குறாங்க. நீங்கதான் அவரைத் தள்ளி நிக்க வெச்சீங்க.”

“மறுபடி எடு.”

“பசங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்களே. கிள்ளான்ல ஒருத்தன், காப்பார்ல ஒருத்தன். மச்சானை வேணா கூட்டிட்டு வாங்க, அவரைத் தனியா எடுத்துத் தரேன்.”

முதலாளி சின்னையா உள்ளேயிருந்து ஓடி வந்தார். பயந்த மனிதர். “ஏம்பா, வருஷா வருஷம் வர்ற வேலை லா இது! கிராணி ஐயா, கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க, கோப்பி சொல்றேன்.”

“கோப்பி வேணாம். அந்தக் கண்ணாடி பிளேட்டைக் குடு, இங்கயே உடைச்சுட்டுப் போறேன்.”

முதலாளி என்னைப் பார்த்தார். எங்கள் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: பிரிண்ட் வாடிக்கையாளருடையது, பிளேட் ஸ்டூடியோவுடையது. கவர்னரே கேட்டாலும் பிளேட்டைக் கொடுப்பதில்லை. அந்தப் பயந்த மனிதருக்கும் அதில் மட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது.

“பிளேட்டைக் குடுக்கிற வழக்கமில்லீங்களே” என்றார், கையைப் பிசைந்துகொண்டே.

கிராணி படத்தை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பள்ளி வேலை அதோடு போயிற்று. முதலாளி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

5. துறைமுகம்

கப்பல் புறப்படும் நாளன்று ரயிலேறிப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போனேன். இன்னொரு பிரிண்டை அட்டையில் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். ஆசீர்வாதம் மாஸ்டர் மனைவியோடு ஒரு தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். படத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

“நீங்க படத்துல இல்லீங்க சார்” என்றேன்.

“ரெண்டு வருஷமா ‘இங்க பாருங்கடா, இங்க பாருங்கடா’ன்னு கத்தினேன் தம்பி” என்றார். “ஒரு நாளாவது எல்லாப் பயலும் ஒண்ணாப் பாத்ததில்லை. இப்பதான் பாத்திருக்கானுங்க.”

அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

6. நிபந்தனை

அந்த வகுப்பின் பரீட்சை முடிவுகள் வந்தபோது பள்ளி பட்டாசு வெடித்தது. கண்டிராக்டருக்கு மாலை போட்டார்கள். பையன்களில் ஒருவன் சிங்கப்பூரில் மருத்துவம் படித்துவிட்டு வந்தான். கதிரேசன் ரயில்வேயில் இருக்கிறான். இப்போது பள்ளி ஒரு மலர் போடுகிறது. ‘நம் பெருமைக்குரிய முதல் வகுப்பு’ என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். சுவரிலோ ஆணி மட்டும்தான் இருக்கிறது. ஸ்டூடியோ இன்று என் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் புதுக் கிராணி வந்தார், மரியாதையான மனிதர். அந்தப் படம் வேண்டும் என்றார்.

“தரேன். கீழே முதல் வரியா, ‘இவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது தங்கள் ஆசிரியர் ஆசீர்வாதத்தை’ன்னு போடணும்.”

“கமிட்டியில கேட்டுச் சொல்றேன் அண்ணே” என்று போனவர் இரண்டு நாளில் திரும்பி வந்தார். “கண்டிராக்டர் குடும்பம் சங்கடப்படுமாம். பேரு இல்லாமத் தர முடியுமா?”

முடியாது என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பள்ளிக்குப் போனால் நாற்காலி போடுவதற்கு முன், இந்த வகுப்புக்குப் பாடம் நடத்தியவர் யார் என்று சத்தமாகக் கேளுங்கள். அவரை முதலில் உட்கார வையுங்கள். பெரிய மனிதர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

பிளேட் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. கமிட்டி அந்த ஒரு வரியைப் போடச் சம்மதிக்கிற அன்று வந்து பிரிண்டை வாங்கிக்கொள்ளலாம்.