மேஜர் தாமதமாக வந்த நாள்

மேஜர் அபெனிசாவின் உடல் வியாழக்கிழமை காலையிலேயே கண்டாவுத் தீவில் இறங்கியிருக்க வேண்டும். வெள்ளி மதியமாகியும் கப்பலைக் காணோம். தலைநகர் சூவாவின் துறைமுகத்தில் எந்திரம் மக்கர் பண்ணுகிறதாம். சாவு வீட்டுக்கு வந்த சனங்களுக்குப் பாயில் உட்கார்ந்தே கால் மரத்துப்போயிற்று.

வாசெமாதாவின் கவலை கப்பல் அல்ல, லிதியா. மேஜரின் மனைவி. புதன்கிழமை செய்தி வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் பழக்கத்தில் விழுங்கிவிடுகிறாள். முப்பத்து நாலு வருடம் தீவின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வாசெமாதாவுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியும். காலையில் விரலைக் குத்திச் சர்க்கரையை அளந்து பார்த்தாள். எண் இறங்கியிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ரெண்டு துண்டு கிழங்கு. வாயைத் திற."

"உன் கையால எனக்கு எதுவும் வேணாம்," என்றாள் லிதியா. "உன் கால்ல புண்ணு, கப்பல்ல ஏறாதேன்னு என்னைத் தடுத்தது நீதானே? தனியாப் போனார். தனியாவே செத்துப்போனார்."

புண் எலும்பைத் தொடப் பார்த்தது. தடுத்தது சரிதான். சரியாக இருந்து என்ன பயன்? வாசெமாதா தட்டை மூடிவைத்தாள்.

மேஜர் அவளுக்கு அத்தை மகன். அத்தை மகனும் மாமன் மகளும் எதிரெதிரே வந்தால் கேலி செய்தே ஆக வேண்டும். சும்மா போனால் ஏதோ மனத்தாங்கல் என்று ஊர் பேசும். நாற்பது வருடக் கேலியில் அவள் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. லெபனானில் அமைதிப் படையிலிருந்து அவர் பதக்கங்களோடு திரும்பியபோது, "என்ன அத்தான், புட்டி மூடியெல்லாம் சட்டையில குத்தியிருக்கே?" என்று கேட்டாள். "இந்தப் பெருசு, நீ போட்ட ஊசியில உயிர் தப்பிச்சதுக்கு. மத்ததெல்லாம் சின்னச் சின்னச் சண்டைக்கு," என்றார்.

பட்டாளத்தை விட்டதும் தீவுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் ஆனார். பிரம்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். மணி எட்டடிக்கும்போது வாசலில் நிற்பார். பிந்தி வந்தவர்கள் காரணத்தை மூன்று வரியில் எழுதித் தர வேண்டும். பொய் எழுதலாம், ஆனால் அவருக்குச் சிரிப்பு வர வேண்டும். வராவிட்டால் கத்தியை எடுத்துக்கொண்டு மைதானத்தில் புல் வெட்டப் போக வேண்டியதுதான். 'புயல்' என்று ஒருவன் எழுதினான். 'புயல் எனக்கும் அடித்தது. வேறு சொல்' என்று சிவப்புப் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுத்தார். 'எங்கள் பன்றி பாட்டுப் புத்தகத்தைத் தின்றுவிட்டது. பாடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாளம் மட்டும் வருகிறது' என்று ஒரு பெண் எழுதினாள். அவளுக்கு அந்த வருடம் முழுக்கப் புல் இல்லை. எழுதவே வராத பிள்ளைகள்கூட இப்படிப் பொய் சொல்லியே எழுதப் படித்தார்கள்.

அவர் மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை. பட்டாளத்து ஒழுங்கு என்று ஊர் மெச்சியது.

போன மாதம் நெஞ்சு வைத்தியத்துக்கு சூவாவுக்குக் கப்பல் ஏறும்போது வாசெமாதாவைக் கூப்பிட்டார். "நான் செத்தா யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது. மாமன் மகளே, அன்னிக்கு உனக்கொரு வாய்ப்பு. நான் பதில் பேச மாட்டேன்."

"அப்பவும் நீதான் ஜெயிப்பே. போய்ட்டு வா," என்றாள்.

மூன்று மணிக்குக் கப்பல் ஊதியது. சற்று நேரத்தில் ஆறு சிப்பாய்கள் பெட்டியைத் தோளில் தாங்கிப் படியருகே வந்தார்கள். முன்னால் நடந்தவன் லெப்டினன்ட் ஜோயெலி, மேஜரிடம் படித்தவன். வாசலில் பாஸ்டர் பைபிளைத் திறந்து நின்றார். பெண்கள் ஒப்பாரிக்கு மூச்சை இழுத்தார்கள்.

வாசெமாதா லிதியாவைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நெற்றி மட்டும் வேர்த்திருந்தது. கை நடுங்கியது. இனிப் பொறுக்க முடியாது. அவள் எழுந்துபோய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க! மணி என்ன? நேத்துக் காலையில வரவேண்டிய ஆளு. பிந்தினதுக்குக் காரணம் என்ன அத்தான்? மூணு வரி!"

பந்தல் திகைத்தது. பாஸ்டரின் வாய் திறந்தபடியே இருந்தது. ஜோயெலி தடுமாறினான்.

"சிஸ்டர், வந்து... கப்பல் எந்திரம்..."

"எந்திரம் எங்களுக்கும் தெரியும். வேற சொல்லு!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜோயெலி விறைத்து நின்றான். "கப்பல்ல ஜனங்க வரிசையா நிக்கல, சிஸ்டர். வரிசை நேராகாம நங்கூரம் எடுக்க விடமாட்டேன்னுட்டார்."

"புல்லு வெட்டு. பாஸ்டர், நீங்க?"

பாஸ்டர் பைபிளை மூடினார். அவரும் மேஜரிடம் படித்துப் புல் வெட்டியவர்தான். "சொர்க்கத்துல மணியடிக்கிறவன் தூங்கிட்டானாம். எழுப்பி, மூணு வரி எழுதி வாங்கிட்டு வர்றார்."

பந்தல் குலுங்கியது.

"எல்லாம் பொய்," என்றாள் லிதியா.

சிரிப்பு பட்டென்று நின்றது.

"அவர் எந்தக் காலத்துல நேரத்துக்குக் கிளம்பினார்?" லிதியாவின் குரல் கரகரத்தது. "சோம்பேறி. சவரம் பண்ணவே அரை மணி. வீட்டுக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால தள்ளி வச்சதே நான்தான். முப்பத்தெட்டு வருஷம்! அவருக்குத் தெரியவே தெரியாது. இந்தத் தடவை நான் கூடப் போகல. கடிகாரத்தைத் தள்ளி வைக்க ஆள் இல்ல. அதான் லேட்டு."

பிறகு லிதியாவே முதலில் சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. ஊரே சேர்ந்துகொண்டது. பெட்டியைத் தாங்கிய சிப்பாய்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். பெட்டியும் கூடவே குலுங்கியது.

"ஜெயிச்சது நீதான்டி," என்றாள் வாசெமாதா. "உனக்குப் புல்லு கிடையாது."

"அந்தக் கிழங்கு இருக்கா?"

"காலையிலேயே ஆறிப்போச்சு."

"பரவாயில்ல, கொடு. முதல்ல கொஞ்சம் தேத்தண்ணி."

வாசெமாதா சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். லிதியா குடித்துவிட்டுக் கிழங்கைத் தேங்காய்ப்பாலில் தொட்டு மெல்லத் தொடங்கினாள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பிக்கலாமா, சிஸ்டர்?"

"இருங்க பாஸ்டர். லேட்டா வந்தது அவரு. இவ சாப்பிடட்டும்."

சிப்பாய்கள் பெட்டியைப் பாயில் இறக்கிவைத்தார்கள். கால் மணி நேரம் கழித்து வாசெமாதா லிதியாவின் விரலைக் குத்தி, கருவியைக் கண்ணருகே கொண்டுபோய் எண்ணைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "தூக்குங்க."